காலி

கதவு தானாகத் திறக்கும்.
அதற்கு யார் வந்தாலும் ஒன்றுதான்.
எனக்கு அப்படியில்லை,
சம்பளமே அதற்குத்தான்.

மீன்பிடிப் புழுக்கள் வைத்த குளிர்பெட்டிக்குப் பக்கத்தில்
என் முக்காலி.
மடியில் டப்பா நிறைய
ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் நாடாக்கள்.
சொந்தத் துப்பாக்கியோடு வருபவர்
முதலில் என்னிடம் வர வேண்டும்.
பலகையில் நான்கு வரி எழுதியிருக்கிறது,
யாரும் படிப்பதில்லை.
படித்தாலும்
அதில் இல்லாததுதான் அதிகம்.

வண்டியிலிருந்து இறங்கும்போதே அது உறைக்குள் இருக்கட்டும்.
தோளில் மாட்டிக்கொண்டு, கையில் காப்பியோடு
ஊர்வலம் வர வேண்டாம்.
குழலின் வாய் கூரையைப் பார்க்கட்டும்,
இல்லாவிட்டால் தரையை.
கூடார விலை கேட்டு நிற்கும் யாருடைய முதுகையும்
அது பார்க்க வேண்டாம்.
விசைக்குப் பக்கத்தில் விரல் எதற்கு?
அப்புறம்,
"காலிதான்" என்று சொல்லாதீர்கள்.
எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள்.
ஆள் காலியான வீடுகளிலும்
யாரோ ஒருவர் அதைச் சொல்லித்தான் இருந்தார்.
திறந்து காட்டுங்கள்.
நான் சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்ப்பேன்,
கோபித்துக்கொள்ளக் கூடாது.
என் தம்பியின் ரைஃபிளிலும் விட்டுப் பார்த்தேன்.
கோபித்துக்கொண்டான்.

மொன்டானாவில் நவம்பர், சனிக்கிழமை.
மான் வேட்டை முடிய இன்னும் எட்டு நாள்.
டெல்மர் ஹோகன்சன் வந்தார்,
தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு ஏந்துபவர்.
தொலைநோக்கி ஆடுகிறதாம்.
"காலி, ஆர்வா. நானே பார்த்தேன்."
போல்ட்டை இழுத்தேன்.
தோட்டா ஒன்று துள்ளி விழுந்து
தரையில் உருண்டு உருண்டு
குழந்தைகளின் தூண்டில் அடுக்குக்குக் கீழே
போய் நின்றது.
கல்லாப்பெட்டிகூடச் சத்தம் போடவில்லை.
அவர் குனியப் பார்த்தார்.
முழங்கால் மடங்கவில்லை.
நான்தான் தவழ்ந்து எடுத்துக் கொடுத்தேன்.
தன் வாயிலிருந்தே விழுந்த பல்லைப் போல
அதை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார்.
நாடாவைக் கோத்து இறுக்கினேன்.
"ஏழாவது வரிசை, டெல்மர்" என்றேன்.
அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை.
அதுவும்
பலகையில் எழுதாத ஒன்றுதான்.

நான்கு மணிக்குப் பனி தொடங்கியது.
கால்நடை மருத்துவமனைச் சீருடையில் ஒருத்தி.
உறை இல்லை,
நாய்ப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள்,
போர்வை முழுக்க மஞ்சள் முடி.
வாசலுக்கு வெளியிலேயே நின்று
கண்ணாடியைத் தட்டினாள்.
கதவு அவளுக்காகத் திறந்து, மூடி, திறந்தது.
"எனக்கு இதைத் திறக்கத் தெரியாது.
உள்ளே என்ன இருக்கிறது என்றும் தெரியாது."
பதினோரு வருடத்தில்
இவ்வளவு மரியாதையாக
யாரும் இந்தக் கடைக்குள் வந்ததில்லை.

திறந்தேன். விரல் விட்டேன்.
நிஜமாகவே ஒன்றும் இல்லை.
"பழுதா? விற்கவா?"
"வைக்க" என்றாள்.
"பனி உருகும் வரைக்கும்."

பின்னறையில் ஒரு இரும்பு அலமாரி உண்டு.
அதற்கு ஒரு படிவமும் உண்டு.
பெயர்: குவென்டின் லாஷ்.
உறவு: கணவர்.
அவருக்குத் தெரியுமா என்று கேட்டேன்,
அதைக் கேட்டே ஆக வேண்டும்.
"அவர்தான் எடுத்துப் போகச் சொன்னார்.
வண்டியில் இருக்கிறார்."
கண்ணாடி வழியே பார்த்தேன்.
துடைப்பான் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தது.
ஒரு தொப்பி,
அசையாமல்.

காரணம் என்ற கட்டத்தின் மேல்
அவள் பேனா வெகுநேரம் நின்றது.
படிவத்தை என் பக்கம் திருப்பி
அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டு
முத்திரை குத்தினேன்.

நாடாவை இருமுறை இழுத்துப் பார்த்தாள்.
"இதை அறுக்க எவ்வளவு நேரம் ஆகும்?"
"கத்தரி இருந்தால் ஒரு நொடி."
"கத்தரி?"
"என்னிடம்."

போர்வையை மட்டும் உதறி மடித்து
எடுத்துக்கொண்டு போனாள்.
முக்காலியெல்லாம் மஞ்சள் முடி.
அடுத்து ஒரு பையன்,
குறுக்குவில்லைத் தூக்கிப் பிடித்தபடி,
இதற்கும் நாடா உண்டா என்றான்.