விளக்கம் எண் பதினான்கு

காட்பாடி தொழிற்பேட்டை, மே மாதம், நாற்பத்திரண்டு டிகிரி.
கூரைத் தகரம் முனகும் மதியத்தில்
நாங்கள் செய்வது சூடேற்றும் கருவி.

சிரிக்க வேண்டாம்.
பிறந்த குழந்தைக்கு அது.
தான்சானியாவின் தெற்கு மலைகளில்
ஜூலை இரவு நடுங்கும் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு
நூற்று நாற்பது எண்ணிக்கை,
கப்பல் கூலி உட்பட விலை.

டெண்டர் ஆவணம் இருநூற்று அறுபது பக்கம்.
"வேண்டும்" என்பதற்கும் "விரும்பத்தக்கது" என்பதற்கும் நடுவே
எத்தனை லட்சம் கிடக்கிறது என்று
அதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பன்னிரண்டு டிகிரிச் சூழலில் சோதித்த அறிக்கை வேண்டும்.
வேண்டுமாம்.
பன்னிரண்டுக்கு இந்த ஊரில் எங்கே போவது?
ஏலகிரியே டிசம்பருக்கு வா என்கிறது.
வாஜித் பாய் மேல்விஷாரத்து மைத்துனருக்கு போன் போட்டார்,
அவர் வேறொருவருக்கு.
வாலாஜா தாண்டி ஒரு புளிக் கிடங்கு,
குளிரூட்டியது, மூன்று இரவு வாடகை,
ரசீது கேட்கக் கூடாது.

கூரை வரை புளி மூட்டை. இடையில் எங்கள் கருவி.
அண்ணனின் ராணுவ ஸ்வெட்டரில் கெசியா,
கையில் குறிப்பேடு.
விதிநூலில் குழந்தை என்றால்
கருப்படித்த ஐந்து அலுமினியத் தட்டுகள்.
ஒவ்வொன்றும் அரைக் கிலோ. கூட்டினால் இரண்டரை.
அந்தக் கணக்கை எழுதியவர்
எப்போதோ ஒரு பிள்ளையைத் தூக்கியிருக்க வேண்டும்.

முப்பத்து மூன்று. முப்பத்து நான்கு புள்ளி இரண்டு.
விடியற்காலை, முப்பத்தாறைத் தொட்டதும்
கெசியா புறங்கையை நடுத்தட்டின் மேல் வைத்தாள்,
நெற்றியில் வைப்பதைப்போல.
விதிப்படி தொடக் கூடாது.
அந்த ஒரு அளவை மட்டும் அடித்துவிட்டு
பத்து நிமிடம் கழித்து மறுபடி எடுத்தோம்.

தாருஸ்ஸலாமில் எங்கள் முகவர் அனிசெத்.
கையேட்டைச் சுவாஹிலியில் பெயர்த்தவரும் அவரே.
ஜோத்தோ என்றால் சூடு.
ம்தோத்தோ என்றால் குழந்தை.
இரண்டையும் மாற்றி அச்சடித்துவிடாதீர்கள் என்று
இரண்டு முறை எழுதியிருந்தார்.

விலைகளைத் திறந்து வாசித்தார்கள், திரையில் பார்த்தோம்.
ஏழு பேரில் நாங்கள் மூன்றாவது.
முதல் ஆளின் விலை
நாங்கள் ஹீட்டர் கம்பி வாங்கும் கணக்கைக்கூடத் தாங்காது.
வாஜித் பாய் ஒன்றும் சொல்லவில்லை,
மின்விசிறியை ஒரு எண் கூட்டினார்.

பிறகு விளக்கங்கள் கேட்டு வந்தன.
முத்திரை ஏன் மங்கல். வங்கி உறுதிக் கடிதத்தில் தேதி ஏன் கையெழுத்தில்.
எண் ஒன்பது: நிலப்பத்திரத்தில் வட ஆற்காடு,
உரிமத்தில் வட ஆற்காடு அம்பேத்கர்,
வங்கிக் கடிதத்தில் வேலூர்.
தாங்கள் எத்தனை நிறுவனங்கள்?
ஐயா, ஒன்றுதான்.
நாங்கள் அசையவில்லை, மாவட்டம்தான் பெயர் மாற்றிக்கொண்டது
என்று அரசிதழ் நகல் இணைத்தேன்.

எண் பதினான்கு:
சோதனை அறிக்கை, மூலப்பிரதி, பக்கம் 212.
ஓரத்தில் பழுப்புக் கறை. தன்மையை விளக்கவும்.

"புளி" என்று அடித்தேன்.
அழித்தேன்.
"சோதனைக்கூடச் சூழலால் நேர்ந்தது,
முடிவுகளைப் பாதிக்காது" என்று அடித்தேன்.
பொய்யில்லை.
கூடம் என்ற சொல்தான் கொஞ்சம் பெரிது.

நேற்று அனிசெத் பேசினார். தாழ்வாரத்தில் காதில் விழுந்ததாம்:
மதிப்பீட்டுக் குழுவில் ஒரு அம்மாள்
அந்தப் பக்கத்தை மூக்கருகே கொண்டுபோய்
உக்வாஜு, என்றாராம்.
அங்கே புளிக்கு அதுதான் பெயர்.
வெயிலில் கரைத்துக் குடிப்பார்களாம்.

சிரித்தபடி சொன்னாரா என்று கேட்டேன்.
தெரியாது, கதவு பாதி மூடியிருந்தது.

விலை செல்லுபடியாகும் நாட்கள் நூற்றிருபது.
இன்று நூற்று மூன்று.
கெசியா தட்டுகளைத் துடைத்து
பழைய துணியில் சுற்றி வைத்திருக்கிறாள்.
விளக்கம் எண் பதினைந்து
இதுவரை வரவில்லை.
கேட்காத கேள்விக்கு எழுத்தில் பதில் தரக் கூடாது,
பிரிவு இருபத்தேழு.