இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு

பாண் இறக்கின பிறகு
போறணைக்கு ஒரு களைப்பு வரும்.
கல்லில் சூடு இருக்கும், கோபம் இருக்காது.
அந்த முக்கால் மணித்தியாலத்தை
இவருக்கென்று ஒதுக்கியிருக்கிறேன்.

ஒட்டுசுட்டானில், நெடுங்கேணி றோட்டில்,
நாளுக்கு நானூறு இறாத்தல் பாண் போடுகிற வீடு.
பணிஸ், சீனிச் சம்பல் பணிஸ், கிழங்கு ரொட்டி.
இவர் கல்லாவில் இருந்து எல்லாவற்றையும் விற்பார்.
எதையும் தின்ன முடியாது.

கிளினிக்கில் மிஸி துண்டில் எழுதித் தந்தது:
வெறுவயிற்றில் இருநூற்றுப் பதினெட்டு.
"பாண் விலைகூட இப்பிடி ஏறேல்லை" என்று
அவவைச் சிரிக்க வைத்தவர்
ஓட்டோவுக்குள் ஏறிப் பொய்க்காலைக் கழற்றி
மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்:
"ஒண்டை ஷெல்லுக்குக் குடுத்தாச்சு.
மற்றதைச் சீனிக்குக் குடுக்கேலாது."
கற்சிலைமடு தாண்டும்வரை ஒன்றும் பேசவில்லை.
பிறகு, மெதுவாக,
"பின்னேரத் தேத்தண்ணிக்கு மட்டும்
ஏதும் கடிக்க வேணும்."

முதலில் பனங்கட்டி போட்டேன்.
அது சீனியே இல்லை என்று
சொல்லாத வாய் இந்த ஊரில் இல்லை.
இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு
விரலில் குத்திப் பார்த்தோம்.
மெசினுக்கு ஊர்க்கதை தெரியாது:
இருநூற்று அறுபத்தொன்று.

அடுத்தது வெறும் குரக்கன்.
காகம் ஒன்று தூக்கிக்கொண்டு போய்
வேலிக்கு அங்கால் போட்டுவிட்டுத்
திரும்பி வந்து என்னைப் பார்த்தது.

பட்டுப்போல அரைத்த மா
பட்டென்று இரத்தத்தில் ஏறுகிறது.
கொறகொறப்பாக உடையுங்கோ என்றேன்.
மில்லுக்கார யேசுரட்ணம்,
"மாட்டுக்கோ?" என்று கேட்டார்.
"மனிசனுக்கு."

ஒரு குத்துக்கு ஒரு ஸ்ட்ரிப்,
ஒரு ஸ்ட்ரிப்புக்கு ஒரு இறாத்தல் பாண்.
கிழமைக்கு ஒருக்கால்தான் புதுப் பரீட்சை.
கடன் கொப்பியின் முன்பக்கத்தில்
ஆர் எவ்வளவு தரவேண்டும் என்று.
பின்பக்கத்தில் இவருடைய இரத்தம்.

பதினோராவது கிழமை இப்படி வந்தது:
உடைத்த குரக்கன், அதில் பாதி
தோலோடு வறுத்து இடித்த பயறு,
பால் பிழிந்து வெயிலில் போட்ட தேங்காய்ச் சக்கை,
முட்டை மூன்று, கச்சான் ஒரு சிறங்கை,
கறுவா, உப்பு, தேசிக்காய்த் தோல்.
பேரீச்சம்பழம் நாலு, முழுத் தட்டுக்கும்.
இனிப்பை நாக்கால் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

இவர் கனநேரம் சப்பினார்.
"காட்டைத் தின்னுற மாதிரிக் கிடக்கு."
சொல்லிவிட்டு மற்றத் துண்டுக்குக் கை நீட்டினார்.
நான் தட்டை இழுத்துக்கொண்டேன்.
நூற்று ஐம்பத்தெட்டு.

அதற்குப் பிறகு எப்படியோ கதை பரவியது.
கணக்கு வாத்தியார் வந்தார்,
மணல் டிப்பர் ஓடுகிற தவநேசன் வந்தான்.
ஒருவரும் வருத்தத்தின் பெயரைச் சொல்வதில்லை.
"அக்கா, அந்தக் கறுத்தத் துண்டு ரெண்டு"
என்று மட்டும் குரல் தாழ்த்திக் கேட்பார்கள்,
சாராயம் கேட்கிற மாதிரி.

ஆனி மாதம் திடீரென்று
இருநூற்று நாற்பது.
பேரீச்சம்பழத்தை இரண்டாக்கினேன்.
இருநூற்று ஐம்பத்திரண்டு.
பயற்றைக் கூட்டினேன், துண்டைச் சிறிதாக்கினேன்,
மில்லுக்குப் போய் யேசுரட்ணத்தோடு சண்டை பிடித்தேன்.
இரவு படுத்துக் கிடந்து
என் கையைத்தான் சந்தேகப்பட்டேன்.

நேற்றுப் பின்னேரம்
மிச்சக் காசு குறைகிறது என்று ஒரு பிள்ளை கேட்க,
பதில் சொல்ல வாயைத் திறந்தார் இவர்.
திறபடவில்லை.
மேலுதடும் கீழுதடும் ஒட்டிக் கிடந்தன.
பாலைப்பழப் பால்.
கல்லாவுக்குக் கீழே
பேப்பர் சுருள், கொட்டைகள், எறும்பு.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்து
முன்னால் வைத்தேன்.
பிறகு உள்ளே போய்க்
கொப்பியின் பின்பக்கத்தைத் திறந்து
இருநூற்று நாற்பதுக்குப் பக்கத்தில் எழுதினேன்:
தட்டில் பிழை இல்லை.

போறணைக்குள் பாலை விறகு
தன்பாட்டில் எரிந்துகொண்டிருந்தது.