நினைவூட்டலாம், கொடுக்கக் கூடாது

பயிற்சி இரண்டு நாள்.
மூன்றாம் நாள் நீல மேற்சட்டை தந்தார்கள்,
கூடவே ஒரு தாள்.
மாத்திரையை நினைவூட்டலாம், கொடுக்கக் கூடாது.
நகத்தைத் தேய்க்கலாம், வெட்டக் கூடாது.
புண்ணைப் பார்க்கலாம், தொடக் கூடாது.
தைலமோ களிம்போ வலிக்கு ஒட்டும் பிளாஸ்டரோ
எதுவானாலும் அது மருத்துவம்,
உன் வேலை அல்ல.

பதினெட்டு வருஷம் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
நுண்ணோக்கிக்கு அடியில் சில்லு பார்த்தவள் நான்.
பார்க்கலாம், தொடக் கூடாது என்பது
எனக்குப் புதிதில்லை.

ஜெலுத்தோங். பதினொன்றாம் மாடி.
லிஃப்ட் ஒற்றைப்படை மாடிகளில் நிற்காது,
பன்னிரண்டுக்குப் போய் ஒரு மாடி இறங்க வேண்டும்.
மிஸ் ஊய் பெக் லியன்
கதவுக்குப் பின்னால் நாற்காலி போட்டுக் காத்திருந்தார்.
முப்பத்தொரு வருஷம் வங்கிக் காசாளர்.
போன சீனப் புத்தாண்டோடு இடது கை மட்டும்
வேலைக்கு வர மறுத்துவிட்டது.

"பேர்?" மலாயில் கேட்டார்.
"பூங்கோதை."
சூடான எதையோ போட்டதுபோல வாயில் உருட்டினார்.
பூவைத் துப்பிவிட்டு
"கோத்தா" என்று முடித்தார்.
மலாயில் அதற்குக் கோட்டை என்று அர்த்தம்.
ஐந்தடிக்கு இரண்டு அங்குலம் குறைந்த கோட்டை.

முதல் குளியலில் கண்ணை மூடிக்கொண்டார்.
நானும் சுவரைப் பார்த்தபடி ஊற்றினேன்.
பாதித் தண்ணீர் தரைக்குப் போயிற்று.
"நீ பார்க்காவிட்டால் நான் விழுவேன்" என்றார்,
கண்ணைத் திறக்காமலே.
அன்றிலிருந்து பார்க்கிறேன்.

கூடத்து அலமாரி மேல் ஒரு கேமரா.
பெர்த்திலிருக்கும் அண்ணன் மகன் வைத்தது.
சில நேரம் அது பேசும், தண்ணீர் குடித்தீர்களா என்று.
அவர் கோப்பையைத் தூக்கி அதற்குக் காட்டுவார்,
சந்தேக நோட்டை வெளிச்சத்தில் பிடிப்பதுபோல.
குளிர்பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே மட்டும்
அதன் பார்வை எட்டாது.
அங்கே ஒரு முக்காலி உண்டு.
செவ்வாய்க்கிழமை பீசாங் கோரேங் அங்கேதான்.
சர்க்கரையை நான் நினைவூட்டுகிறேன்.
பிடுங்கச் சொல்லித் தாளில் இல்லை.

காலையில் மணி எட்டு என்பேன்.
எட்டென்று அவருக்கும் தெரியும்.
மாத்திரை டப்பாவைத் தொடையிடுக்கில் வைத்து
ஒற்றைக் கையால் மூடியோடு மல்லாடுவார்.
என் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால்
கட்டிக்கொண்டு நிற்பேன்.
நாலு நிமிஷம். மழை நாளில் ஆறு.
இதைவிடக் கஷ்டமான வேலை நான் செய்ததில்லை.
சம்பளச் சீட்டில் அதற்கு 'மேற்பார்வை' என்று பேர்.

ஒரு புதன்கிழமை குளியலறையில் சரிந்தார்.
பிடித்துவிட்டேன்.
அவர் விழவில்லை,
என் இடுப்பில்தான் ஏதோ விழுந்தது.
சொல்லவில்லை. கீரை ஆய்ந்தேன், பாத்திரம் கழுவினேன்.
ஒவ்வொரு முறை குனிந்தபோதும் இழுத்த மூச்சை
அவர் எண்ணியிருக்கிறார்.
நோட்டுக் கட்டில் ஒன்று குறைந்தாலும்
கேட்டுப் பழகிய காது.

"கோத்தா, இங்கே வா."
முக்காலிக்கு அழைத்தார். மடியில் கோயோ பிளாஸ்டர்.
"சட்டையைத் தூக்கு."
"தாளில் கூடாதென்று..."
"நீ எனக்கு ஒட்டக் கூடாது. நான் உனக்கு?"

தாளை மனசுக்குள் இரண்டு பக்கமும் புரட்டினேன்.
அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

பல்லால் உறை கிழியும் சத்தம்.
சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
ஒரு மூலை மடங்கி, கோணலாக,
நாலு விரல் தள்ளி ஒட்டினார்.
வலித்த இடம் அதுவல்ல.
"சரியாகப் பட்டதா?"
"சரி" என்றேன்.

மாலைப் படிவம்.
குளியல்: ஆம். உணவு: ஆம்.
மனநிலை: நன்று.
யாருடையது என்று படிவம் கேட்கவில்லை.

பஸ்ஸில் கற்பூர நெடி.
பக்கத்து இருக்கைப் பையன் மூக்கைத் திருப்பிக்கொண்டான்.
இறங்கும் வரை நான் சாய்ந்து உட்காரவில்லை,
அந்த மடங்கிய மூலை
பெயர்ந்துவிடுமோ என்று.