வெட்டாமல் விட்ட வட்டம்

வைகாசியில் கடல் என் பல்கனிக்கு ஏறி வருகிறது,
அலையாக அல்ல, உப்பாக.
மூன்றாம் மாடியில் ஏழு கொச்சிக்காய்க் கன்றுகள்
ஒரே இரவில் ஓரம் கருகி நின்றன,
யாரோ நெருப்புப் பெட்டியோடு
இலை இலையாய்ப் போனதுபோல.

முதல் வருடம் உரம் கூடிவிட்டதென்று நினைத்தேன்.
இரண்டாம் வருடம் பூச்சியென்று.
மூன்றாம் வருடம் கீழ்வீட்டு ஃபரீனா
பல்கனிக் கம்பியில் விரலைத் தேய்த்து
"ருசி பாருங்கோ" என்றாள்.
அதிலிருந்து, வெசாக் கூடு தொங்கும் கிழமை
கொச்சிக்காய் உள்ளே, கற்றாழை வெளியே.
வெள்ளவத்தையில் பஞ்சாங்கம் இப்படித்தான் படிக்க வேண்டும்.

மழை விட்ட ஒரு வியாழன்
சுகாதாரப் பரிசோதகர் வந்தார்.
டோர்ச் அடித்து சாடி சாடியாய்க் குனிந்தார்.
ஒரு தட்டில், நகமளவு தண்ணீரில்,
மூன்று புழுக்கள் நெளிந்தன.
"மிஸ், இது தோட்டமா, நுளம்புப் பண்ணையா?"
சிங்களத்தில் கேட்டார், சிரிக்காமல்.
தண்டப் பணத்துக்கு நான் வெட்கப்படவில்லை.
எதிர்வீட்டுச் சின்னவன் போன ஆடியில்
பதினொரு நாள் ஆசுபத்திரியில் கிடந்தான்.
அந்தத் தட்டு
போன ஆடியிலும் அங்கேதான் இருந்தது.

இப்போது தட்டெல்லாம் மணல்.

வாய்க்காலுக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு துண்டு நிலம்.
மாநகர சபையுடையது,
அதாவது ஒருவருடையதும் அல்ல.
நீளம் நாற்பத்திரண்டு அடி.
அகலம், ஓட்டோ ஒன்று திரும்பப் பார்த்து
மனம் மாறிப் போகும் அளவு.

நானும் ஃபரீனாவும் மருந்துக்கடை ஜயந்தசிறியும்
புரட்டாதி ஞாயிறுகளில் அங்கே பொறுக்கியவை:
யோகட் கோப்பைகள்,
செருப்புகள் (எல்லாம் இடதுகால்),
ஏதோ ஒரு தேர்தலின் சிரித்த முகம்
அரைவாசி.
மண் தெரிந்ததும் ஜயந்தசிறி
தன் சப்பாத்தைக் கழற்றி ஓரமாய் வைத்தார்.
ஏனென்று நாங்கள் கேட்கவில்லை,
அவருக்கும் தெரிந்திராது.

ஐப்பசி மழை பின்னேரம் மூன்றரைக்கு
பொரளைப் பக்கத்தால் இருட்டிக்கொண்டு வரும்.
அதற்கு முன் வெண்டி ஊன்றினோம், பயிற்றை ஊன்றினோம்,
எங்கள் சட்டிக்கு வராததும் ஏதாவது இருக்கட்டுமென்று
கரையோரம் இரண்டு மருதங் கன்று.

பதினேழாம் நாள் புல் வெட்டும் மெஷின் வந்துபோயிருந்தது.
வேலை முடிந்து வருகையில்
ஒழுங்கை முழுக்கப் பச்சை வாசம்.
நல்ல வாசம். அதுதான் கொடுமை.
வெண்டி, பயிற்றை, ஒரு மருது
எல்லாம் புல்லின் உயரத்தில்.

நான் சபைக்கு மூன்று மொழியிலும் கடிதம் எழுதினேன்.
மூன்று மொழியிலும் பதில் இல்லை.
ஃபரீனா எழுதவில்லை.
மாடி மாடியாய் ஏறி
பழைய டூத்பிரஷ்கள் சேர்த்துக்கொண்டு வந்தாள்.
நீலம், ரோஸ், முள்ளெல்லாம் படுத்துப்போன மஞ்சள்.
புதுக் கன்று ஒவ்வொன்றின் பக்கத்திலும்
ஒன்றை நட்டாள், தலை மேலே தெரிய.

மார்கழியில் மெஷின் திரும்பவும் வந்தது.
அன்று எனக்கு லீவு; மேலிருந்து பார்த்தேன்.
மெலிந்த மனிதர், தலையில் துவாய்.
முதல் பிரஷ்ஷடியில் நின்றார்.
குனிந்தார். நீண்ட நேரம் குனிந்திருந்தார்.
பிறகு மெஷினைத் தூக்கிப் பிடித்து
மெதுவாய்ச் சுற்றி வந்தார்.

கூப்பிட நினைத்தேன். அந்தச் சத்தத்தில் கேட்காது.
இறங்கிப் போவதற்குள் ஆளில்லை.
பன்னிரண்டு பிரஷ், பன்னிரண்டு வட்டம்.
கடைசி வட்டத்தில் கன்றே இல்லை.
எலி தின்று ஒரு கிழமை,
பிரஷ்ஷை மட்டும் பிடுங்க மறந்திருந்தோம்.
வெறும் மண்ணுக்கும், ஒரு சாண் தள்ளி,
கவனமாய் வளைத்து விட்டிருந்தார்.

தை பிறந்தபோது அதற்குள்
பொன்னாங்காணி படர்ந்திருந்தது.
நட்டது நாங்கள் இல்லை.

ஒரு பிடி ஆய்ந்தேன்.
வாய்க்கால் தண்ணீர் ஏறாத மேடுதான்,
ஆனாலும் மூன்று தரம் அலசினேன்.
நாலாம் தரம் சும்மா,
மண் போவதைப் பார்க்க.