அகற்றிவிட்டுப் பொருத்தவும்

வெளியே கழித்தல் முப்பத்தொன்று.
உலான்பாட்டர் ஜனவரிக்கு இது ஒரு சேதியே இல்லை.
சந்தையில் பாலைக் கட்டியாக அடுக்கித்தான் விற்கிறார்கள்.
உள்ளே, என் மேசைக்கு அடியில்,
தொண்ணூற்றேழு.

துருக்கித் தொடர் ஒன்றின் மாமியாருக்கு
மங்கோலியக் குரல் நான்.
நூற்றுப் பதினெட்டாம் பகுதியில் அவள் சாக வேண்டும்.
மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு
"நான் உனக்குச் செய்ததெல்லாம்" என்று தொடங்குவாள்.
சரியாக அங்கே திரை கறுத்துவிடும்.
நாலு முறை தொடங்கினாள்.
நாலு முறையும் மன்னிப்புக் கேட்காமலே போய்ச் சேர்ந்தாள்.

போதாததற்கு ஸ்டுடியோவிலிருந்து பில்கூன்:
"ஹோங்கோர், உன் மாமியார் கிடப்பது
ஆஸ்பத்திரியிலா, விமான நிலையத்திலா?"
விசிறியைச் சொல்கிறான்.

முதலில் சுவரோரத்துக் கணப்பின்மேல் சந்தேகம்.
அதை அணைக்க வீட்டில் ஒரு திருகும் கிடையாது,
மே நடு வரைக்கும் நகராட்சியின் வெந்நீர் அதில் ஓடும்.
பெட்டியை மூன்று சாண் தள்ளி வைத்தேன்.
இரண்டு டிகிரி குறைந்தது.

பிறகு ஒரு முட்டாள்தனம்:
பெட்டியைத் தூக்கிப்போய்ப் பால்கனியில் வைத்தேன்.
உள்ளே கொண்டுவந்ததும்
காய்ச்சல் விட்ட பிள்ளைபோல் உடம்பெல்லாம் வியர்த்தது.
பிளக்கைத் தொடப் பயந்து
மூன்று மணி நேரம் எதிரே உட்கார்ந்து
உப்புப் போட்ட தேநீர் குடித்தேன்.
அதற்கும் ஒரு கோப்பை ஊற்றியிருப்பேன், அவ்வளவு பரிதாபம்.

கீழ்த்தளத்து ந்யாம்தவா கார் ஹீட்டர் பழுதுபார்ப்பவன்.
ஒரு திருப்புளியும்
ஊசிக்குழலில் கொஞ்சம் சாம்பல்நிறப் பசையும் கொடுத்தான்.
"பட்டாணி அளவு போதும்.
ரொட்டிக்கு வெண்ணெய்போலத் தடவிவைக்காதே."

மூடியைக் கழற்றினேன்.
விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவே
கூடாரத்துக்குப் போர்த்தும் கம்பளிபோல ஒரு படலம்.
ஆறு குளிர்காலத்து நிலக்கரிப் புகை,
பூனை முடி,
நான் செம்பட்டைச் சாயம் பூசியிருந்த வருஷத்து என் முடி.
நுனியைப் பிடித்து இழுத்தேன்,
கிழியாமல் முழுசாய் வந்தது.
எண்பத்தொன்பது.
மாமியார் இரண்டு வாக்கியம் கூடுதலாகப் பேசிவிட்டுச் செத்தாள்.

இன்னும் நாலு திருகு.
குளிர்விப்பானைத் தூக்கிப் புரட்டினால்
அடியில்
ஒரு பிளாஸ்டிக் தாள்.
கண்ணாடிபோல மெலிது. மூன்று மொழிகளில், சிவப்பு எழுத்தில்:
அகற்றிவிட்டுப் பொருத்தவும்.

பொருத்தியவன் கான்தோமோர்.
கல்யாணமான முதல் மாதம், சீழ்க்கையடித்தபடி,
வழிமுறைத் தாளைப் பிரிக்காமலே.
அதற்குப் பிறகு பெட்டி இரையும்போதெல்லாம்
தோளுக்குப் பின்னால் வந்து நிற்பான்.
"ஒரே நேரத்தில் இத்தனை ஜன்னலைத் திறந்து வைத்தால்
எதுதான் தாங்கும்?"

மூடினேன்.
வானிலையை மூடினேன், பாட்டை மூடினேன்,
பாதி எழுதிய, தங்கைக்கான கடிதத்தையும்.
அவன் போய் இரண்டு வருஷமாகியும்
ஒவ்வொன்றாகத்தான் திறக்கிறேன்,
கதவுக்குப் பின்னால் யாரோ தூங்குவதுபோல.

தாளின் ஓரத்தில் கட்டைவிரல் ரேகை.
வெந்து பழுப்பேறியும் வரிகள் அழியவில்லை.
சிரிப்புத்தான் வந்தது,
பூனை எழுந்து அடுத்த அறைக்குப் போகும் அளவுக்கு.
ஆறு வருஷம்
சூட்டுக்கும் அது வெளியேறும் வழிக்கும் நடுவே
இந்த ஒரு தாள்.

உரித்தேன். துடைத்தேன். பட்டாணி அளவு.
நாற்பத்திரண்டு.

அறையில் முதல் முறையாகக் கணப்புக் குழாயின் களகளப்பு கேட்டது.
மேல்வீட்டில் யாரோ உருளைக்கிழங்கு நறுக்கினார்கள்.
பதினேழு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு
மாமியாரைச் சாக விட்டேன்.
ஒரே மூச்சில் கேட்டாள் மன்னிப்பு.
ஒரு சொல்லும் விழுங்காமல்.

ஒன்றரை மணிக்கு பில்கூன் அழைத்தான்.
"நல்லாத்தான் செத்திருக்கிறாய்.
ஆனால் போன வாரக் காட்சியோடு ஒட்டவில்லையே,
அந்த இரைச்சல் எங்கே?
கொஞ்சம் சேர்த்துக் கொடு."

குளியலறைக் கதவை ஒருக்களித்து வைத்து
முடி உலர்த்தியை ஓடவிட்டு
இன்னொரு முறை இறந்தேன்.