ஆயிரத்து நூற்றைம்பது அடி

ஆயிரத்து நூற்றைம்பது அடிவரைக்கும் புகைதான் வந்தது.
கருப்பூரில் எங்கே துளைத்தாலும் வெள்ளைக்கல்,
அப்புறம் அதன் மாவு.
கொடியில் கிடந்த சேலையைக் காலையில் உதறினேன்,
தெருவுக்கே பவுடர் பூசியது.

ரிக் வண்டி அர்த்தநாரி, திருச்செங்கோட்டுக்காரர்,
குழாய்களைக் கழற்றியபடி சொன்னார்:
"அடிக்குத்தாங்க காசு, தண்ணிக்கு இல்லை."
நகையை வைத்த ரசீது என் முந்தானை முடிச்சில்.
பணத்தை எண்ணாமல் சட்டைப்பையில் திணித்தவர்
வண்டியேறப் போய், திரும்பி வந்து,
"பார்மர்ல ஒரு அம்மா..." என்று ஆரம்பித்தார்.

வருசத்துக்கு நாலு மழையாம் அங்கே.
மண்பானையைக் கழுத்துவரை புதைத்து
நீர் ஊற்றி, ஒட்டினாற்போல் விதை போடுவாளாம்.
பானை வியர்க்கும்.
வேர் தேடிவந்து பானையைக் கட்டிக்கொள்ளும்.
"பூமிக்கு ஓட்டை போடுறவன் இதைச் சொல்றானேன்னு
நினைக்காதீங்க."
நான் நினைத்தேன். சொல்லவில்லை.

பாலைவனம் என்றால் ஒட்டகம் இருக்கும் என்றிருந்தேன்.
எங்கள் கொல்லையில் ஒட்டகம் இல்லை,
அதனால் தெரியாமல் போயிற்று.
எட்டு வருசத்தில் முருங்கை போனது,
கறிவேப்பிலை போனது,
கடைசியில் அருகம்புல்லும்.

பொங்கல் கழிந்து விலை இறங்கியபின்
செவ்வாய்ப்பேட்டையில் பதினோரு பானை வாங்கினேன்.
விளிம்பு உடைந்த மூன்று, சும்மா வந்தவை.
சுரை, புடலை, அவரை, ஒரு குழியில் பூசணி.
"பானைக்குச் சமாதி கட்டுறியா?" என்றார் வீட்டுக்காரர்.

பன்னிரண்டு நாள் பச்சை.
பிறகு இலை மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக,
எக்ஸ்ரே படம்போல.
ஏழு செத்தன.

செத்த குழியொன்றைத் தோண்டிப் பார்த்தேன்.
பானைமேல் வெள்ளையாக இன்னொரு தோல்,
உள்ளே ஊற்றிய நீர் ஊற்றியபடி.
பார்மர் மணலில் வியர்த்த பானை
எங்கள் மண்ணில் மூச்சடைத்துக் கிடந்தது.
நகத்தால் சுரண்டினேன். நகம்தான் போனது.

பித்தளைக் குடத்துக்கு என்ன செய்வோம்?
அதே பழம்புளி, அதே தேங்காய்நார்.
ஒரு ராத்திரி ஊறவைத்துத் தேய்த்ததில்
செங்கல் நிறம் திரும்பியது.
குழியை இரண்டு மடங்கு அகலமாக்கி
கோரிமேட்டுப் பக்கமிருந்து செம்மண்,
பூக்கடையில் வாடிப்போன சாமந்தி, மட்கிய சாணம்,
மேலே கரும்புச் சோகை.
எதிரே சேர்வராயன் மலையில் மேகம் உட்கார்ந்திருந்தது.
எங்கள் பக்கம் இறங்கும் உத்தேசம் அதற்கில்லை.

அர்த்தநாரிக்குப் பேசி அனுப்பினேன்,
ஒரு நிமிடம் நாற்பது நொடி:
"அந்தம்மா சொன்னது சரிதானுங்க,
மண்ணுதான் வேற.
சுண்ணாம்பு மண்ணா இருந்தா
பானையைப் புளித்தண்ணியில கழுவணும்,
செம்மண் சுத்திப் போடணும்.
எனக்கு ஏழு செத்துருச்சு, அதையும் சொல்லுங்க."
நாலு நாள் கழித்து நீலக்கோடு விழுந்தது.
அனந்தபூரில் துளை போட்டுக்கொண்டிருந்தாராம்.
பதில் இல்லை.

ஆடியில் பென்னாகரத்து நாத்தனார்
ஒரு குரல் அனுப்பினாள்.
"யாரோ ஒரு அக்கா பேசுறாங்க, கேளு,
உனக்கு ஆகும்."
பலமுறை கைமாறியது என்று இரட்டை அம்புக்குறி.
அழுத்தினேன்.
லாரி பின்னால் நகரும் பாட்டு, குக்கர் விசில்,
நடுவில் நான்.

என் குரல் இவ்வளவு கட்டையா?
அடுப்பை அணைத்துவிட்டுக் கடைசிவரை கேட்டேன்,
தெரியாத ஒருத்தி சொல்வதைக் கேட்பதுபோல்.
முடிகிற இடத்தில், அவசரமாக, அவள் சொன்னாள்:
"பானை வாயை மூடி வைங்க,
இல்லேன்னா பாதித் தண்ணிய வெயில் குடிச்சிரும்."

மீந்தவை நாலு பானை.
நாலும் வாய்திறந்து கிடக்கின்றன கொல்லையில்.
உடைந்த ஓடு ஏதாவது இருக்கிறதா என்று
கட்டிலடியில் தேடிக்கொண்டிருக்கிறேன்.