இரண்டாம் பக்கம், மூன்றாம் பாட்டு

பூபாலனின் கராஜில் கார் நிற்பதில்லை.
கார் வெளியே மழையில் நனைகிறது.
உள்ளே இரண்டு ஸ்பீக்கர், ஒரு சோபா,
மூன்று பிளாஸ்டிக் நாற்காலி,
எழுபத்து நாலில் ஒரு வார ஓவர்டைமைக் கொடுத்து
டர்பன் கிரே தெருவில் அவன் வாங்கி வந்த
அவள்.

அவளை அவள் என்றுதான் சொல்வோம்.
உறையில் மஞ்சள் உடுப்பு, பாதி மூடிய கண்,
நெற்றியில் யாரோ வைத்துவிட்டுப் போன
டீ கோப்பையின் வட்டம்.
சாட்ஸ்வர்த்தில் அதைப் பொட்டு என்று சொல்ல
எங்களுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

ஞாயிறு நாலு மணிக்கு ஐந்து பேர்.
ரெக்கார்டு ஒன்று என்று சொல்வது சரியில்லை.
பஸ் ஓட்டி ஓய்ந்த பூபாலனுக்கு
அது முழுக்க பேஸ் கிதார்.
"வண்டி நல்லா ஓடுதான்னு
பாதத்துக்குத்தான் முதல்ல தெரியும்" என்பான்.
டெரன்ஸ் சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறவன்.
அவனுக்குப் பின்னால் பாடும் மூன்று பெண்கள்தான் எல்லாம்:
"முன்னால நிக்கிறவ பொய் சொல்லலாம்,
பின்னால மூணு பேர் சேர்ந்து சொல்ல முடியாது."
நைட் டியூட்டி முடித்து வரும் நீலவதி
முதல் பக்கம் முழுவதும் குறட்டை விடுவாள்.
கேட்டால், "கண்ணாலயா கேக்கணும்?"
ம்லுங்கிசி எதுவும் பேசமாட்டான்.
கடைசிப் பாட்டு முடிந்து ஊசியைத் தூக்கியதும்
"யெபோ" என்பான்.
அவ்வளவுதான். ஆமாம்.

எனக்கு ஒரே ஒரு மூச்சு.
இரண்டாம் பக்கம், மூன்றாம் பாட்டு,
'போகாதே' என்பதற்கு முன்னால் அவள் இழுக்கிற மூச்சு.
தையல் ஃபாக்டரியில் நாற்பது மெஷின் இரைச்சலுக்கு நடுவே
அடுத்த மெஷின்காரி அழப்போகிறாள் என்பது
எனக்கு மூச்சில்தான் தெரியவரும்.
அப்படி ஒரு மூச்சு.
அவன் போய்விடுவான் என்று
அவளுக்கு முன்பே தெரியும்;
தெரிந்துகொண்டுதான் பாடுகிறாள்.

அட்டவணையில் மின்வெட்டு ஆறு மணிக்கு.
போனது நாலு ஐம்பதுக்கு,
மூன்றாம் பாட்டில்,
அவள் வாயைத் திறக்கப்போகும்போது.

பூபாலன் கெட்ட வார்த்தை ஒன்றைத் தொடங்கினான்.
ம்லுங்கிசி கையைத் தூக்கினான்.
தட்டு இன்னும் கொஞ்சம் சுற்றிக்கொண்டிருந்தது.
ஊசி முனையில்,
ஸ்பீக்கரும் இல்லாமல் கரண்டும் இல்லாமல்,
எறும்பு பாடினால் எப்படியோ அப்படி
அவள்.

தட்டு நின்றது.
ம்லுங்கிசி விரலை வைத்துச் சுற்றினான்.
ஐந்து தலைகள் குனிந்தன,
டெரன்ஸின் பெப்பர்மின்ட், நீலவதியின் டெட்டால்,
யாருடையதோ காது என் காதில் உரச.
விரல் வேகம் குறைந்தால் அவள் ஆண்பிள்ளை,
கூடினால் பால்வாடிக் குழந்தை.
பேஸ் துளியும் இல்லை,
பூபாலன் முகம் விழுந்தது.
மூன்று பெண்களும் ஒரே நூலாகிப் போனார்கள்.
"குடு, நான் ஓட்டுறேன்" என்று விரலை வாங்கிக்கொண்டான் பூபாலன்.
வளைவில் பஸ்ஸைத் திருப்புகிறவன் போல
ஒரே சீராக, அவளை அவளாகவே,
அந்த இடத்துக்குக் கொண்டுபோனான்.

மூச்சு கேட்டது.
அவளுடையதா,
குனிந்திருந்த ஐந்து பேரில் ஒருவருடையதா,
சத்தியமாகத் தெரியவில்லை.

அடுத்த நொடி கரண்ட் வந்தது.
தெருவே கூவியது, நாய் குரைத்தது.
ஸ்பீக்கர் போட்ட போட்டில் நாங்கள் பதறிச் சிதற
யார் முழங்கையோ பட்டு
ஊசி துள்ளி விழுந்தது.
ஐம்பது வருஷம் கீறல் படாத தட்டு.
பூபாலன் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான்,
சட்டை நுனியால் துடைத்தான்,
திரும்பச் சாய்த்துப் பார்த்தான்.
யாரையும் திட்டவில்லை; அதுதான் பயமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு நேரத்துக்கே வந்துவிட்டோம்.
நீலவதிகூடத் தூங்கவில்லை.
மூன்றாம் பாட்டு.
அவள் மூச்சை இழுக்கிறாள், நடுவில்
டிக்.

"யெபோ" என்றான் ம்லுங்கிசி,
பாட்டு முடிவதற்கு முன்னாலேயே.